34 வயதில் நர்சிங்: 15 மாத ஏ.பி.எஸ்.என். படிப்பில் சேரலாமா?

மலர்விழி_டாலஸ்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக மனதுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருக்கும் விஷயம் இது. வீட்டில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். இந்த வழியில் நடந்தவர்கள் சொன்னால் தெளிவு கிடைக்கும் என்று இங்கே எழுதுகிறேன்.

2014-இல் ஊரில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்தேன். திருமணமாகி டாலஸ் பக்கம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கிறேன், வேலை பார்க்க அனுமதிக்கும் இ.ஏ.டி. கார்டு கையில் இருக்கிறது. இடையில் இரண்டு வருடம் மெடிக்கல் பில்லிங் வேலை பார்த்தேன். மகனுக்கு 6 வயது.

போன வருடம் மாமியார் இங்கே வந்திருந்தபோது அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. 11 நாள் மருத்துவமனையில் கூடவே இருந்தேன். இரண்டாம் நாள் அவர் தண்ணீர் கேட்டார், நான் டம்ளரை எடுத்துவிட்டேன். நர்ஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். முதலில் ஒரு ஸ்பூன் மட்டும் கொடுத்து, அவர் இருமுவதையும் குரல் ஈரமாக மாறுவதையும் கவனித்தார். விழுங்கும் தசை சரியாக வேலை செய்யவில்லை, தண்ணீர் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வந்துவிடும் என்று விளக்கினார். அதுவரை நர்ஸ் என்றால் ஊசி போடுபவர், டாக்டர் சொன்னதைச் செய்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஒரு ஸ்பூன் தண்ணீர் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இப்போது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் 15 மாத ஆக்ஸிலரேட்டட் பி.எஸ்.என். (ஏ.பி.எஸ்.என்., வேகமாக முடிக்கும் நர்சிங் இளங்கலைப் பட்டம்) படிப்புக்கு நிபந்தனையோடு இடம் கொடுத்திருக்கிறார்கள். கட்டணம் 74,000 டாலர். என் பழைய பாடங்கள் ஏழு வருடத்தைத் தாண்டிவிட்டதால் அனாடமி-ஃபிசியாலஜி 1, 2, மைக்ரோபயாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், நியூட்ரிஷன் எல்லாம் மறுபடி எடுக்க வேண்டும். டெபாசிட் கட்ட இன்னும் மூன்று வாரம். அட்மிஷன் ஆள் வாரம் இரண்டு முறை போன் செய்கிறார்.

சிறு பிள்ளையை வைத்துக்கொண்டு இதைப் படிக்க முடியுமா? அவ்வளவு பணம் போடலாமா? ஊரில் அப்பா, "எம்.எஸ்சி. படித்துவிட்டு நர்ஸ் வேலைக்கா?" என்று கேட்டதும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தேவி_நைட்ஷிஃப்ட்:

தங்கை, நான் ஏ.பி.எஸ்.என். முடித்து ஆறு வருடமாக மெட்-சர்ஜ் (பொது மருத்துவம், அறுவை சிகிச்சை) வார்டில் இருக்கிறேன். சேரும்போது எனக்கு 36 வயது, மகளுக்கு 8. அதனால் உள்ளபடியே சொல்கிறேன்.

வேறு பாடத்தில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கான படிப்பு இது. பொதுப் பாடங்களைக் கழித்துவிட்டு, நர்சிங் பகுதியை மட்டும் இடைவெளி இல்லாமல் 11 முதல் 18 மாதத்துக்குள் அடைக்கிறார்கள். பாடத்தின் அளவு குறைவதே இல்லை. கோடை விடுமுறை இருக்காது. மற்றவர்கள் 15 வாரத்தில் படிக்கும் ஃபார்மகாலஜியை நான் 8 வாரத்தில் படித்தேன்.

என் ஒரு வாரம் இப்படி இருக்கும். திங்கள், செவ்வாய் வகுப்பு. புதன் ஸ்கில்ஸ் லேப். வியாழன், வெள்ளி கிளினிக்கல், அதாவது மருத்துவமனைப் பயிற்சி. காலை 6:45-க்கு வார்டில் நிற்க வேண்டும், மாலை 7 தாண்டித்தான் வெளியே வருவோம். சனிக்கிழமை முழுக்கத் திங்கள் தேர்வுக்குப் படிப்பு. கடைசி செமஸ்டரில் கிளினிக்கல் இரவு நேரத்துக்கு மாறியது. எந்த நாள், எந்த மருத்துவமனை என்பது பேட்ச் தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் தெரியும். எனக்கு ஒன்று வீட்டிலிருந்து 55 மைல் தள்ளி விழுந்தது.

முடியுமா என்றால், முடியும். ஆனால் நான் கெட்டிக்காரி என்பதால் நடக்கவில்லை. அந்த 16 மாதமும் என் அம்மாவும் மாமியாரும் மாறி மாறி இங்கே வந்து இருந்தார்கள், ஒருவருக்கு விசாவில் அனுமதித்த ஆறு மாதம் முடிந்ததும் அடுத்தவர் வந்தார். கணவர் வெளியூர் ப்ராஜெக்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். உங்களைக் கேட்கிறேன்: காலை 5:45-க்கு நீங்கள் கிளம்பினால் மகனை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? அவனுக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடுவது யார்? கிளினிக்கலில் ஒரு நாள், இரண்டு நாளுக்கு மேல் வராமல் இருந்தால் அந்தப் பாடமே போய்விடும். இதற்குப் பெயர் போட்டுப் பதில் எழுத முடிந்தால் மட்டும் மேலே யோசியுங்கள்.

அப்பாவைப் பற்றி: என் அப்பாவும் அதையேதான் கேட்டார். அவருக்கு பைபாஸ் ஆனபோது தினமும் வீடியோ காலில் காயத்தைப் பார்த்து, எது சிவப்பு, எது இன்ஃபெக்ஷன் என்று சொன்னது நான்தான். அப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஹூஸ்டன்_கதிர்:

வணக்கம் அக்கா. நான் கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். (இரண்டு வருட நர்சிங் பட்டம்) படித்து ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆனவன். நீங்கள் அந்த வழியைக் கேட்கவே இல்லை, அதனால் நானே சொல்கிறேன்.

ஏ.டி.என். முடித்தாலும் எழுதுவது அதே என்.கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வுதான், கிடைப்பது அதே லைசென்ஸ்தான். நீங்கள் சொன்ன அனாடமி போன்ற முன்பாடங்களுக்குப் பிறகு இரண்டு வருடம். புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து எனக்கு 10,000 டாலருக்குள் முடிந்தது. பிறகு வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் ஆர்.என்.-டு-பி.எஸ்.என். முடித்தேன், பாதிச் செலவை மருத்துவமனையே ஏற்றது.

குறையும் இருக்கிறது. இடம் கிடைப்பது கடினம். முன்பாட மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வையும் வைத்து வரிசைப்படுத்துவார்கள். எனக்கு இரண்டாம் முறைதான் கிடைத்தது. நர்சிங் தரத்துக்கான மேக்னெட் அங்கீகாரம் பெற்ற பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். உள்ளவர்களையே முதலில் எடுக்கப் பார்க்கும். நியூயார்க் மாநிலத்தில் 2017-இல் ஒரு சட்டமே போட்டார்கள், அங்கே லைசென்ஸ் வாங்கிப் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். டெக்சாஸில் அப்படி இல்லை.

64,000 டாலர் வித்தியாசம் அக்கா. ஒன்பது மாதம் முன்னால் வேலைக்குப் போவதற்காக அதைக் கொடுக்கிறீர்களா என்று யோசியுங்கள்.

சரவணன்_என்ஜே:

கதிர் சொன்ன கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகக் கணக்குப்படி ஆர்.என். இடைநிலைச் சம்பளம் மே 2024-இல் ஆண்டுக்கு 93,600 டாலர். அது நாடு முழுக்க, அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்து. புதிதாகச் சேர்பவருக்குக் குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒன்பது மாதச் சம்பளம் சின்னத் தொகை இல்லை. ஆகவே பணத்தை மட்டும் பார்த்தால் 15 மாதப் படிப்பு முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது.

நான் கவலைப்படுவது விசாவைப் பற்றி. என் மனைவி இதே நிலையில் படித்தார்.

எச்4-இல் படிக்கத் தடை இல்லை, எஃப்1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் எச்4-இல் இருப்பவருக்கு ஃபெடரல் கல்விக் கடன் கிடையாது. அரசின் நர்ஸ் கோர் உதவித்தொகைக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். தனியார் வங்கிக் கடன் என்றால் பெரும்பாலும் கிரீன் கார்டு அல்லது குடியுரிமை உள்ள ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். நண்பரைக் கேட்கும் முன் நன்றாக யோசியுங்கள், 74,000 டாலருக்கு அவர் பொறுப்பாளி ஆகிறார்.

இன்னொன்று, முக்கியமானது. இ.ஏ.டி. புதுப்பிக்க விண்ணப்பித்தால் 540 நாள் வரை தானாக நீட்டிப்பு கிடைத்துக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அது இல்லை. கார்டு முடிந்த அன்று வேலையும் நிற்கும். நர்ஸாகச் சேர்ந்து புது நர்ஸ்களுக்கான ரெசிடென்சி பயிற்சியின் நடுவில் அப்படி நின்றால் அந்த இடம் போய்விடலாம். உங்கள் கார்டு என்று முடிகிறது, படிப்பு என்று முடிகிறது, இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

மலர்விழி_டாலஸ்:

தேவி அக்கா, கதிர், சரவணன் அண்ணா, மூவருக்கும் மிகவும் நன்றி. இ.ஏ.டி. விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. என் கார்டு படிப்பு முடிந்த நான்காவது மாதம் முடிகிறது.

காலை 5:45 கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. கணவரிடம் அதைப் படித்துக் காட்டினேன், இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் என்.கிளெக்ஸ் தேர்ச்சி 94% என்கிறார்கள். அதை நம்பலாம் இல்லையா?

நிலா_சான்அன்டோனியோ:

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் கடைசிக் கேள்விதான் எழுத வைத்தது.

நான் ஏ.பி.எஸ்.என். சேர்ந்து முடிக்காமல் வெளியே வந்தவள். எங்கள் கல்லூரியின் தேர்ச்சி விகிதமும் 90-க்கு மேல்தான். அந்தக் கணக்கில் நான் இல்லை. என்னோடு சேர்ந்த 48 பேரில், கடைசி வரை வராத 13 பேரும் அந்தக் கணக்கில் இல்லை. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் முதல் முறையே தேறினார்கள் என்பதுதான் அந்த எண். நடுவில் விழுந்தவர்களை அது எண்ணுவதில்லை.

நான் விழுந்தது இரண்டாம் செமஸ்டர் மெட்-சர்ஜில். எங்கள் கல்லூரியில் 77 எடுக்க வேண்டும். நான் எடுத்தது 76.6. அங்கே அரைப் புள்ளியை முழுமையாக்கும் வழக்கமே கிடையாது, கையேட்டில் அது தடித்த எழுத்தில் இருந்தது. சேரும்போது படித்திருக்கிறேன், ஆனால் எனக்கு நடக்கும் என்று நினைத்துப் படிக்கவில்லை. பி.எஸ்சி.யில் கோல்டு மெடல் வாங்கியவள் நான்.

எங்கே தவறியது என்று பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். நம் ஊரில் நாம் படித்த விதம் வேறு. பாடத்தை முழுமையாக மனதில் ஏற்றி, கேட்டால் கொட்டுவோம். இங்கே கேள்வியில் நான்கு விடையுமே சரியாக இருக்கும், முதலில் எதைச் செய்வாய் என்று கேட்பார்கள். நான்கு பேஷண்ட் இருக்கிறார்கள், யாரை முதலில் போய்ப் பார்ப்பாய் என்பார்கள். பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்ற வகைக் கேள்வி வேறு. நோயைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் வரிசைப்படுத்தத் தெரியவில்லை. சாதாரண வேகத்தில் போகும் படிப்பு என்றால் முதல் தேர்வில் அடி வாங்கி, இரண்டாவதில் புரிந்து, மூன்றாவதில் சரிசெய்திருப்பேன். 8 வாரத்தில் மொத்தமே மூன்று தேர்வுதான். புரிந்தபோது பாடம் முடிந்திருந்தது.

ஒரே ஒரு பாடம். ஆனால் அடுத்த பாடங்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன, அதனால் என் பேட்ச் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்தப் பாடம் மறுபடி வர எட்டு மாதம். அந்த செமஸ்டர் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். இரண்டாம் முறையும் தவறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அந்த கிரெடிட்டை வேறு கல்லூரிகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளாது. கையில் 31,000 டாலர் கடன். காத்திருக்கும் காலத்தில் பெண்ணுக்கு இன்னும் எட்டு மாத டே-கேர் கட்டணம். நான் திரும்பப் போகவில்லை.

ஒரு வருடம் கழித்து மாலைநேர ஏ.டி.என். சேர்ந்து முடித்தேன். இப்போது டயாலிசிஸ் சென்டரில் ஆர்.என். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, நர்சிங் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மலர், உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த அட்மிஷன் ஆள் அடுத்த முறை போன் செய்தால் 15 மாதத்தில் முடிப்பது எப்படி என்று பேச விடாதீர்கள். ஒரு பாடத்தில் தவறினால் எனக்கு என்ன நடக்கும் என்று கேளுங்கள். எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும், அந்த பேட்சில் இடம் உறுதியா. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த நாளில் முடித்தார்கள் என்றும் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

தேவி_நைட்ஷிஃப்ட்:

நிலா, இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் பேட்சிலும் ஒன்பது பேர் போனார்கள். முடித்தவர்கள் பேசும்போது அவர்களை மறந்துவிடுகிறோம். மேலே நான் எழுதியதிலும் அவர்கள் இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஹூஸ்டன்_கதிர்:

தேர்ச்சி விகிதம் பற்றி ஒரு சேர்க்கை. டெக்சாஸ் நர்சிங் போர்டு தன் இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் முதல்முறைத் தேர்ச்சியையும் வருடவாரியாகப் போடுகிறது. 80% கீழே போனால் கல்லூரிக்குக் கேள்வி வரும். ஆகவே கல்லூரி சொல்வதைக் கேட்காமல் அங்கேயே பாருங்கள், ஒரு வருடம் மட்டும் பார்க்காமல் ஐந்து வருடத்தையும் பாருங்கள். சில இடங்களில் கடைசியில் ஒரு எக்ஸிட் தேர்வு வைத்து, அதில் தேறாதவர்களைப் பட்டம் வாங்க விடாமல் நிறுத்துவார்கள். விகிதம் அழகாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போர்டு அனுமதியோடு, நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டது வெளியே வந்ததே, அதன் பிறகு மருத்துவமனைகள் எங்கே படித்தாய் என்பதைத் துருவிப் பார்க்கின்றன.

பொன்னி_கிளினிக்கல்:

வணக்கம் பிள்ளைகளே. நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்து, 2005-இல் இங்கே வந்தவள். 14 வருடம் வார்டில் இருந்தேன், ஏழு வருடமாக ஏ.பி.எஸ்.என். மாணவர்களுக்குக் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். நிலா எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை. நான் வேறு பக்கத்திலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து வரும் மாணவர்களுக்கு அறிவில் குறை இல்லை. தடுமாறுவது வேறு இடங்களில்.

முதலாவது, மருந்துப் பெயர். நாம் பாரசிட்டமால் என்போம், இங்கே அது அசிட்டமினோஃபென். சால்புடமால் இங்கே ஆல்பியூட்டரால், அட்ரினலின் இங்கே எபிநெஃப்ரின். பேஷண்ட் எடையைப் பவுண்டில் சொல்வார், மருந்துக் கணக்கு கிலோவில் இருக்கும். மருந்தளவுக் கணக்குத் தேர்வில் பல கல்லூரிகள் 90%, சில இடங்களில் 100% கேட்கும், அதில் தேறாமல் வார்டில் மருந்து கொடுக்க விடமாட்டோம். பள்ளிக் கணக்குதான் அது, ஆனால் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினால் ஒரு உயிர். வீட்டிலேயே இப்போதிருந்து பழகுங்கள்.

இரண்டாவது, வாய் திறப்பது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே இரவு 2 மணிக்கு டாக்டரை எழுப்பி, "இந்த பேஷண்டின் ரத்த அழுத்தம் இறங்குகிறது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று சொல்வது நர்ஸின் கடமை. எழுதிய மருந்து தவறாகத் தெரிந்தால் கொடுக்க மறுப்பதும் கடமை. ஒரு மாணவி இருந்தாள், தேர்வில் எல்லாம் முதலிடம். பேஷண்டுக்கு மூச்சு வாங்குவதை முதலில் பார்த்தவள் அவள்தான். நான் வேறு அறையில் பேசிக்கொண்டிருந்தேன் என்று பேச்சு முடியும்வரை வாசலிலேயே காத்து நின்றாள். நான்கு நிமிடம். அன்று அவளோடு உட்கார்ந்து வெகுநேரம் பேசினேன். இப்போது அவள் ஐ.சி.யு.வில் சார்ஜ் நர்ஸ், அவள் குரல் அந்தத் தளம் முழுக்கக் கேட்கும்.

தலையாட்டுவதையும் சொல்ல வேண்டும். நாம் பக்கவாட்டில் தலையை அசைத்தால் சரி என்று பொருள். இங்கே பேஷண்டுக்கு அது இல்லை என்று தெரியும், அல்லது ஒன்றுமே புரியாது. வாயைத் திறந்து சொல்லப் பழகுங்கள்.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் ஒவ்வொரு பேட்சிலும் யாராவது மாட்டுகிறார்கள். கிளினிக்கலுக்கு முன் டி.பி. பரிசோதனை உண்டு. நாம் எல்லோரும் பி.சி.ஜி. (டி.பி. தடுப்பூசி) போட்டவர்கள், தோலில் குத்தும் பரிசோதனை நமக்கு பாசிட்டிவ் காட்டலாம். அப்புறம் எக்ஸ்-ரே, டாக்டர் கடிதம் என்று இரண்டு வாரம் ஓடிவிடும். ஆரம்பத்திலேயே குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், அதை பி.சி.ஜி. பாதிக்காது. ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை, சின்னம்மைக்கு ஆன்டிபாடி அளவும் கேட்பார்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி முதலிலிருந்து போட வேண்டியிருந்தால் வழக்கமான அட்டவணையில் ஆறு மாதம் ஆகும், அதனால் இப்போதே பார்த்துவிடு மலர்.

எல்லாவற்றையும்விட என் மனதில் இருப்பது இது. நீ அந்த நர்ஸ் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்ததைப் பார்த்தாய், அது நல்ல தொடக்கம். ஆனால் அதே நர்ஸ் அன்று நான்கைந்து பேருக்கு மலம் துடைத்திருப்பார், ஒருவரிடம் கெட்ட வார்த்தை வாங்கியிருப்பார், மதியச் சாப்பாட்டை மாலை 4 மணிக்கு நின்றுகொண்டே சாப்பிட்டிருப்பார். அதையும் பார்த்த பிறகு பணத்தைக் கட்டு. அதற்கு வழி சி.என்.ஏ. (நர்ஸ் உதவியாளர்) பயிற்சி. ஃபெடரல் விதிப்படி குறைந்தது 75 மணி நேரம், டெக்சாஸில் 100 மணி நேரம். முடித்துவிட்டு வார இறுதியில் மூன்று மாதம் வேலை பார். உன் முதுகு தாங்குகிறதா, மூக்கு தாங்குகிறதா, மனம் தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். என்னிடம் வந்த மாணவர்களில் சி.என்.ஏ. வேலை பார்த்தவர்கள் முதல் நாளே பேஷண்டைத் தொடத் தயங்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு அந்தத் தயக்கம் போகவே நான்கு வாரம் ஆகிறது, உனக்கு அந்தப் படிப்பில் நான்கு வாரம் என்பது பாதிப் பாடம்.

கார்த்திகா_பிஎச்:

நேரடி எம்.எஸ்.என். பற்றி யாரும் சொல்லவில்லையே? வேறு பட்டம் உள்ளவர்கள் நேராக முதுகலைக்குப் போகலாமே?

சரவணன்_என்ஜே:

போகலாம், அதுவும் ஆர்.என். லைசென்ஸில்தான் முதலில் முடியும். ஆனால் தொடக்க வேலையில் பெரும்பாலும் பி.எஸ்.என். சம்பளமே கிடைக்கும், கட்டணமோ அதிகம். கிரீன் கார்டு உள்ளவர்கள் நம்பியிருந்த, முதுகலை மாணவர்களுக்கான ஃபெடரல் கிராட் பிளஸ் கடனும் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. மலர் நிலைக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

மலர்விழி_டாலஸ்:

பொன்னி அம்மா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். வாசலில் நின்ற அந்த மாணவி நானாகத்தான் இருந்திருப்பேன். பில்லிங் வேலையிலேயே, மானேஜர் தவறாகச் சொன்னபோது திருத்தாமல் இருந்திருக்கிறேன்.

நிலா, உங்கள் கேள்விகளை நாளை அப்படியே கேட்கப் போகிறேன். ஒன்று கேட்கலாமா? மறுபடி தொடங்க முடிந்தால் முன்பாடங்களை எங்கே, எப்படி எடுப்பீர்கள்?

நிலா_சான்அன்டோனியோ:

கம்யூனிட்டி காலேஜில், நேரடி லேப் உள்ள வகுப்பில். அனாடமி 1-ஐ மட்டும் தனியாக முதலில் எடுப்பேன். 8 வாரத்தில் முடிக்கும் வகுப்பு கிடைத்தால் அதையே எடுப்பேன், அதே வேகம்தானே அங்கேயும். ஏ வந்தால் உங்கள் வீடும் உடம்பும் அந்த வேகத்தைத் தாங்கும் என்று தெரியும். சி வந்தால் சில நூறு டாலரில் தெரிந்துகொண்டீர்கள். எனக்கு அது தெரிய 31,000 ஆனது.

டெக்சாஸில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருக்கும் எச்4-காரர்கள் மாநிலவாசிக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம், அதையும் கேளுங்கள். சேர வேண்டிய நர்சிங் கல்லூரி அந்தப் பாடத்தை ஏற்குமா என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

தேவி_நைட்ஷிஃப்ட்:

என்.கிளெக்ஸ் பற்றி இப்போதே பயப்பட வேண்டாம். 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். 2023 ஏப்ரலில் இருந்து ஒரு பேஷண்டின் குறிப்பு முழுவதையும் கொடுத்து அடுத்தடுத்துக் கேட்கும் கேள்விகள் வந்திருக்கின்றன, சிலவற்றில் பகுதி மதிப்பெண்ணும் உண்டு. நிலா சொன்ன வரிசைப்படுத்தும் பழக்கம் வந்துவிட்டால் அது தானாக வரும்.

மலர்விழி_டாலஸ்: (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

நடந்ததை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அட்மிஷன் ஆளிடம் கேட்டேன். தேர்ச்சி மதிப்பெண் 78, முழுமையாக்கல் இல்லை. ஒரு பாடம் தவறினால் அடுத்த பேட்சில் இடம் இருந்தால்தான் சேரலாம், கட்டணம் மறுபடி. குறித்த நாளில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முதல் இரண்டு முறை என்.கிளெக்ஸ் எண்ணையே அனுப்பினார். மூன்றாம் முறை எழுதியபோது 71% என்று பதில் வந்தது. டெபாசிட் கட்டவில்லை. அதன் பிறகு போன் வருவதும் நின்றுவிட்டது.

நர்சிங்கை விடவில்லை. அனாடமி 1-க்கு இங்கே கம்யூனிட்டி காலேஜில் பதிந்துவிட்டேன், 8 வார வகுப்பு, செவ்வாய், வியாழன் மாலை லேப். மாநிலவாசிக் கட்டணம் கிடைத்தது. சி.என்.ஏ. பயிற்சி அது முடிந்த அடுத்த வாரம். மதிப்பெண் வந்த பிறகு ஏ.டி.என்.னுக்கும், மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஏ.பி.எஸ்.என்.னுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம் என்று முடிவு. அந்த நாள்கணக்குப்படி பார்த்தால் இ.ஏ.டி. புதுப்பிப்பதும் படிப்பின் நடுவிலேயே முடிந்துவிடும்.

5:45 கேள்விக்கும் பதில் கிடைத்தது. கணவர் தன் ஆபீஸில் பேசி, வாரம் மூன்று நாள் 10 மணிக்குத் தொடங்க அனுமதி வாங்கியிருக்கிறார். இப்போதே பழகுகிறோம். நேற்று மகனை அவரே கிளப்பி அனுப்பினார், ஷூ மட்டும் இடம் மாறியிருந்ததாம்.

அப்பாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அனாடமி படிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "எலும்பு எத்தனை?" என்று கேட்டார். 206 என்றேன். "சரி, படி" என்றார்.

பொன்னி_கிளினிக்கல்:

குவாண்டிஃபெரான் எடுத்தாயா?

மலர்விழி_டாலஸ்:

எடுத்துவிட்டேன் அம்மா, நெகட்டிவ். ஹெபடைட்டிஸ் பி அளவு போதவில்லை என்றார்கள், முதல் ஊசி போன வெள்ளி போட்டாயிற்று.

நிலா_சான்அன்டோனியோ:

மலர், என்னிடம் அனாடமி வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று இருக்கிறது. தசைப் பகுதி மட்டும் பாதி தீட்டியது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள், திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன்.